ஏழாங்கட்டையில் விழுந்த கதவு

"இந்த மீன் காட்டுக்குப் போகாது மாத்தா. என் வயித்துக்குள்ளதான் போகும். வேணும்னா இங்கயே நின்னு தின்னு காட்டவா?" என்றான் சைபுதீன்.

மலாயாவில் போலீஸ்காரனுக்கு மாத்தா என்றுதான் பேர். ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில் நின்ற இந்த மாத்தா சிரிக்கவில்லை. வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, காலடியிலிருந்த தகர டின்னில் போட்டான். போர்டிக்சனில் சைபுதீனின் அக்காள் விடிவதற்குள் எழுந்து பொரித்துக் கட்டிக் கொடுத்த மீனும் சோறும் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்தன. ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. உள்ளே போனாலும் சரி, வெளியே வந்தாலும் சரி, ஒரு பிடி சோற்றோடு தோட்டத்து வேலியைத் தாண்டக்கூடாது. காட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டே வெளியே இழுத்துவிடலாம் என்று சர்க்கார் நினைத்திருந்தது. அதற்கு என் மீனா கிடைத்தது என்று சைபுதீன் முணுமுணுத்தான்.

"நட லா, சைபு. மீனைக் கண்டுபிடிக்கவா வந்தோம்?" என்றார் திருநாவுக்கரசு.

அவர் பன்னிரண்டு வருஷம் போலீஸில் இருந்தவர். மேலதிகாரி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, சிரம்பானில் ஒரு பலசரக்குக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். சைபுதீன் முன்பு லாரி ஓட்டியவன். இப்போது அவருக்கு டிரைவர், குமாஸ்தா எல்லாம் அவன்தான். வாயை மட்டும் யாரும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அது தானாக ஓடும்.

கேட்டுக்கு உள்பக்கம் அவர்களை வரவழைத்த முத்தாயி நின்றிருந்தாள். பால்வெட்டுக்காரி. முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தித்தான் பேசவே முடிந்தது அவளால்.

"ஐயா, நாலு மணிக்கு லாரி வருதுங்க. எங்க வீட்டுக்காரரை அதுல ஏத்திட்டா அப்புறம் கோர்ட்டும் கிடையாது, கேஸும் கிடையாதாம். கொஞ்ச நாள் உள்ள வச்சிருந்து, கப்பல்ல போட்டு இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாம். அவரு இந்தியாவக் கண்ணால பாத்தது இல்லீங்க ஐயா. ரெம்பாவுல பொறந்தவரு."

"என்ன செஞ்சாருன்னு பிடிச்சாங்க?"

"கதவு விழுந்திருச்சுங்க. பெரிய கிராணி வீட்டுக் கார் கொட்டாய்க் கதவு. திங்கட்கிழமை காலையில அவங்க பொண்ணு கால்மேல விழுந்து எலும்பு முறிஞ்சு போச்சு. ஏழு வயசுப் புள்ளைங்க. சனிக்கிழமை அந்தக் கதவப் பழுது பாத்தது எங்க வீட்டுக்காரரு. அதனால காட்டுக்காரங்க சொல்லித்தான் கிராணியக் கொல்ல வேலை பண்ணிட்டாருன்னு..."

 திருநாவுக்கரசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால்.

முத்தாயியின் கணவன் சன்னாசி, ரப்பர் ஸ்டோரில் மெஷின் பார்க்கும் பிட்டர். காவல் கொட்டகையில் அவனைத் தூணோடு சேர்த்து விலங்கு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. திருநாவுக்கரசு எதிரில் குந்தி உட்கார்ந்து, கதவைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் அவன் தரையைத்தான் பார்த்தான்.

"ஏம்பா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான் சைபுதீன். "ஒரு வார்த்தை சொல்லு லா. உம்பொண்டாட்டி அங்க தொண்டை வத்தி நிக்குது."

சன்னாசி தலையைத் தூக்கினான். "புள்ளைக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டான். பிறகு, "அந்தக் கதவ ஒருத்தரும் தொட வேணாம்னு சொல்லுங்க. தூக்கினா கொக்கியக் கழட்டாதீங்க. இப்ப அதுக்கு எடை பத்தாது" என்றான். சொல்லிவிட்டு மறுபடி தரைக்குக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் சைபுதீன் கையை உதறினான். "தலை போற நேரத்துல கதவப் பத்திக் கவலைப்படுறான் பாருங்க அண்ணே. ஒண்ணு இவன் பைத்தியம், இல்லாட்டி எதையோ முழுங்கிட்டு உக்காந்திருக்கான்."

"பைத்தியம் இல்ல," என்றார் திருநாவுக்கரசு.

தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான கிராணி ராமகிருஷ்ணனின் வீடு ஸ்டாப் குடியிருப்பில் கடைசி. அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் காடு. ராமகிருஷ்ணன் கார் கொட்டகை வாசலிலேயே எதிர்கொண்டார். வெள்ளைக் கால்சட்டை, மூன்று நாளாய்ச் சவரம் காணாத முகம், இடுப்பில் கம்பெனி கொடுத்த கைத்துப்பாக்கி. மனுஷர் தூங்கிப் பல நாளாகியிருக்க வேண்டும்.

"அவன் பொண்டாட்டி கூப்பிட்டு வந்தவரா நீங்க? நல்லா பாருங்க சார். நல்லாவே பாருங்க. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி கார்ல வெடி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் எம்பொண்டாட்டி புள்ளைக்காக இந்தக் கதவு போட்டேன். செங்கால் மரப் பலகை, மேல தகரம். குண்டு பாயாது. இப்ப அந்தக் கதவையே எம்புள்ளைமேல தள்ளிவிட்டுட்டான்."

கதவு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் வகை. அவ்வளவு கனத்தை ஒரு பெண் தூக்க வேண்டுமே, அதற்குத் தச்சன் ஒரு வழி செய்திருந்தான். கதவில் கட்டிய கம்பிக் கயிறு மேலே உருளையில் ஓடி, இடது சுவரோரம் ஒரு மரப்பெட்டியைத் தாங்கி நின்றது. பெட்டி நிறைய மண். கதவும் பெட்டியும் ஒரே எடை. கதவு மேலே போனால் பெட்டி கீழே வரும், கதவு இறங்கினால் பெட்டி ஏறும். மேலே போன கதவு நழுவாமல் இருக்கச் சுவரில் ஒரு கொக்கி.

"தினமும் காலையில ஆறு மணிக்கு எம்பொண்டாட்டி கதவத் தூக்கிக் கொக்கி மாட்டுவா. ஏழு மணிக்கு நான் காரை எடுத்துட்டுப் போவேன். அதுக்குப் பின்னாடி கதவ இறக்குறது மங்கம்மா வேலை," என்றார் ராமகிருஷ்ணன். மகளின் பேரைச் சொன்னதும் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கொக்கியக் கழட்டிட்டு ஒரு விரலால இழுப்பா சார். ஒத்த விரல்! வர்றவங்க கிட்டல்லாம் காட்டிப் பெருமைப்படுவேன். திங்கட்கிழமை துரை ஆறரைக்கே கூப்பிட்டு விட்டாரு, நான் முந்திக் கிளம்பிட்டேன். புள்ளை வழக்கம்போல வந்து கொக்கியக் கழட்டியிருக்கா..."

"தூக்கிப் பாக்கலாமா?" என்றார் திருநாவுக்கரசு.

சைபுதீனும் ராமகிருஷ்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பட்டினி வயிற்றோடு அந்தக் கனம் சைபுதீனுக்கு முதுகெலும்பில் இறங்கியது. உருளை கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் கேட்டதோ இல்லையோ, முற்றத்துக் கோடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த சிவப்புக் கோழி ஒன்று இறக்கையை விரித்து ஓடி வந்து, அவர்கள் காலுக்கிடையில் புகுந்து, மண்பெட்டி வந்து இறங்கிய மூலையில் நின்றது. தரைப்பலகையைக் கொத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. மறுபடி கொத்தியது.

"பாருங்க அண்ணே, சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரி ஓடியாருது," என்றான் சைபுதீன். "எனக்குத்தான் ஒருத்தரும் மணி அடிக்க மாட்டேங்குறாங்க."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். திருநாவுக்கரசு கோழியையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார். கொக்கியை இரண்டு தடவை அழுத்திச் சரிபார்த்துவிட்டு, பெட்டியின் மூடியைத் திறந்தார். பாதிக்குத்தான் மண் இருந்தது. மேலே பழைய போல்ட்டும் நட்டும் ஒரு கையளவு கிடந்தன.

"சனிக்கிழமை எதுக்கு அவனைக் கூப்பிட்டீங்க?"

"கொஞ்ச நாளா தூக்கும்போது கதவு லேசா கனத்துப் போச்சு. வந்தான், பெட்டியத் திறந்தான், மூடினான், போய்ட்டான். அப்பத்தான் மண்ண அள்ளியிருக்கான். அந்த போல்ட்டெல்லாம் ஸ்டோர் சாமான். போலீஸே பாத்து எழுதிட்டுப் போயிருக்கு."

"ஞாயித்துக்கிழமை காரை எடுத்தீங்களா?"

"எடுத்தேன். போர்டிக்சன்ல கம்பெனி வேலை. காலையில போய்ட்டுச் சாயங்காலம் வந்தேன்."

"அன்னைக்குக் கதவ இறக்கினது யாரு?"

"மங்கம்மாதான்."

"எத்தனை விரலு?"

ராமகிருஷ்ணன் கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு விரலு," என்றார் மெதுவாக.

"சனிக்கிழமை பாதி மண்ண அள்ளியிருந்தா ஞாயித்துக்கிழமை கதவு அவ விரலுக்கு நிக்குமா சார்? அதுவும் போக, கதவு விழணும்னு நினைக்கிறவன் பெட்டியில இருக்கிறத எடுப்பான். இவன் போல்ட்டப் போட்டு எடையக் கூட்டியிருக்கான். கொலைகாரன் செய்யற வேலையா இது?"

அப்போது கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் போகும் வாசலில் கிராணியின் மனைவி மயிலம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. 

"நீங்க சாப்பிடலையாம்மா?" என்று கேட்டான் சைபுதீன், அவளைப் பார்த்த மாத்திரத்தில் தோன்றியதை.

"அவ விரதக்காரி," என்றார் ராமகிருஷ்ணன். "மூணு மாசமா வாரத்துல நாலு நாள் சோறு தொடுறதில்ல. மரவள்ளிக் கிழங்குதான்."

"எங்க நோன்பே வருஷத்துல ஒரு மாசம்தான்," என்றான் சைபுதீன். அவள் சிரிக்கவில்லை. கோழியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைத்தான் அவன் கண்டான். தட்டை வைத்துவிட்டு, "சூ" என்று அதை விரட்டினாள். அது போகவில்லை.

உள்ளே கட்டிலில் மங்கம்மா மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, "என் வீட்டப் பாத்தீங்களா?" என்று சைபுதீனைக் கேட்டாள். ஜன்னலடியில், சுற்றிலும் செம்மண்ணாய்க் கிடந்த முற்றத்தில், வெள்ளை மண்ணால் ஒரு வீடு கட்டியிருந்தாள். அறை அறையாக, வாசலும் மதிலும் வைத்து, நன்றாக இரண்டு கை அகலம். சைபுதீன் வெளியே போய்க் குனிந்து ஒரு பிடி அள்ளினான். உள்ளங்கையில் பரப்பினான். மண்ணுக்குள் சின்னச் சின்னதாய்ச் சிப்பித் துண்டுகள் மின்னின.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

"அண்ணே," என்று மெதுவாகக் கூப்பிட்டான். "இது எங்க ஊரு மண்ணு. கடக்கரை மண்ணு. கண்ணக் கட்டி விட்டாலும் காலால தொட்டுச் சொல்லிருவேன். பெட்டியில மிச்சம் இருக்கிறதும் இதேதான்."

திருநாவுக்கரசு ஜன்னல் வழியாகக் குழந்தையிடம் கேட்டார். "வீடு ஜோரா இருக்கே பாப்பா. இவ்வளவு மண்ணு யாரு குடுத்தா?"

"அம்மா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு மங்கு நிறைய அள்ளித் தருவாங்க. முதல்ல ஒரு ரூம்புதான் கட்டினேன். இப்ப அஞ்சு ரூம்பு."

சைபுதீனின் தலைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. மூன்று மாதமாய்ப் பெட்டியிலிருந்து மண் வெளியே போயிருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகூடக் கதவு ஒரு விரலுக்கு இறங்கியிருக்கிறது. அப்படியானால் மண் போன இடத்தில் வேறு ஏதோ இருந்திருக்கிறது. மண்ணைவிடக் கொஞ்சம் லேசான ஏதோ. உருளை கிறீச்சிட்டால் கோழி ஓடிவருகிற ஏதோ.

அவன் கொட்டகைக்குள் ஓடி, கோழியைத் தள்ளிவிட்டு, தரைப்பலகை இடுக்கில் சுண்டுவிரலை விட்டான். அலகு எட்டாத ஆழத்தில் சிக்கியிருந்தவை நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன. அரிசி. எண்ணிப் பார்த்தான், பதினொரு மணிகள்.

திருநாவுக்கரசு ராமகிருஷ்ணனை ஒரு சாக்குச் சொல்லி இன்ஸ்பெக்டரை அழைத்து வர அனுப்பினார். கார் தெருமுனையில் மறைந்ததும் மயிலம்மாள் பக்கம் திரும்பினார்.

"வீட்டச் சோதனை போட வர்றவங்க அடுப்படியப் பாப்பாங்க, கட்டிலுக்கு அடியில பாப்பாங்க. கதவோட எடைக்குள்ள பாக்க மாட்டாங்க. நல்ல இடம்தாம்மா. யாருக்கு?"

  அவள் மண்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என் தம்பிக்கு. சந்திரனுக்கு. தொழிற்சங்கத்துல இருந்தான். நாப்பத்தெட்டுல சங்கத்தத் தடை பண்ணி ஆளுங்களப் பிடிச்சாங்கல்ல, அப்ப காட்டுக்கு ஓடினவன். ஊருக்குப் போய்ட்டான்னு எங்க வீட்டுக்காரங்க கிட்டப் பொய் சொன்னேன். மூணு மாசத்துக்கு முந்தி, காட்டோரம்தான் இருக்கான், காய்ச்சல், ஒண்ணும் திங்கக் கிடைக்கலன்னு யாரோ சொல்லி விட்டாங்க. வேலிக்கு வெளிய எப்படிக் குடுக்கிறதுன்னு தெரியல. சேத்து மட்டும் வச்சேன். என் பங்குச் சோத்த நான் திங்காம சேத்தேன். அரிசி போடப் போட மண்ண எடுத்தேன்."

"திங்கட்கிழமை எதுக்கு எல்லாத்தையும் எடுத்தீங்க?"

அவள் பலகையைக் கொத்தும் கோழியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை மூணு பேரைச் சுட்டுக் கொண்டாந்து, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல போட்டாங்க. எல்லாரும் வரிசையா வந்து பாருங்க, தெரிஞ்சவன் இருந்தா சொல்லுங்கன்னாங்க. நானும் வரிசையில போனேன். நடுவுல கிடந்தான். தாடி முளைச்சு, ஒட்டிப்போய்... என்னப் பாத்து மாத்தா கேட்டான், தெரியுமான்னு." அவள் தன் வாயில் ஒருதரம் அறைந்துகொண்டாள். "தெரியாதுன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். கூடப் பொறந்தவனைத் தெரியாதுன்னேன்."

 சைபுதீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அழக்கூட முடியல ஐயா. அழுதா யாருக்குன்னு கேப்பாங்க. அவனை எங்க பொதைச்சாங்கன்னும் தெரியாது. வாய்க்கரிசி போட அவனுக்கு வேற யாரு இருக்கா? விடியக்காலம் கதவத் தூக்கிட்டு, அரிசி முழுக்க எடுத்துட்டுப் போய், அவன் பேரைச் சொல்லி ஓடையில விட்டேன். ஏழு மணிக்கு முந்தி திரும்பி வந்து மண்ணப் போட்டுறலாம்னு நினைச்சேன். இவங்க முந்திக் கிளம்புவாங்கன்னு தெரியல. கரையில ஏறும்போதே எம்புள்ளை கத்தினது கேட்டுச்சு."

"சன்னாசிக்குத் தெரியும், இல்லையா?"

"சனிக்கிழமை பெட்டியத் திறந்து பாத்துட்டாரு. ஒண்ணும் கேக்கல. போல்ட்டப் போட்டு எடையச் சரி பண்ணிட்டு, 'புள்ளைய இதுக்கடியில நிக்க விடாதீங்க கிராணியம்மா'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அவரும் தம்பி கூடச் சங்கத்துல இருந்தவரு. களத்துல எனக்கு அடுத்து நின்னது அவருதான். அவரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு." அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னக் கூட்டிட்டுப் போங்க. நானே சொல்லிடுறேன். அடுத்த வீட்டுத் தாலிய அறுத்துட்டு என்னால உசுரோட இருக்க முடியாது."

"சொன்னா உங்கள லாரியில ஏத்துவாங்க. அந்தப் புள்ளை கட்டிலோட கிடக்கு. சன்னாசி வாயைத் திறக்காம வாங்கின அடிக்கெல்லாம் அப்புறம் என்ன அர்த்தம்?" திருநாவுக்கரசு குரலைத் தணித்தார். "குழந்தைக்கு விளையாட மண்ணு எடுத்துக் குடுத்தீங்க. அது நிசம். எடை குறைஞ்சு கதவு கனத்துச்சு. அது நிசம். திங்கட்கிழமை காலையிலயும் பெட்டியிலருந்து எடுத்தீங்க. அதுவும் நிசம். எதை எடுத்தீங்கன்னு அந்த இன்ஸ்பெக்டரே நினைச்சுக்குவான். பொய் சொல்ல வேண்டாம்மா. நிசத்துல பாதியச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. பெத்த புள்ளை காலை விளையாட்டுத்தனமா ஒடிச்சவன்னு இந்தத் தோட்டம் பூரா உங்களச் சொல்லும். உங்க வீட்டுக்காரரும் சொல்லுவாரு. சாகிற வரைக்கும் வாயத் திறக்க முடியாது."

"சொல்லட்டும்," என்றாள் மயிலம்மாள்.

மூன்றரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சிவந்த முகம், அரைக்கால்சட்டை, உடைந்த மலாய். கூடவே இரண்டு போலீஸ்காரர்கள். திருநாவுக்கரசு மலாயில் கதையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஜன்னலடி மண்ணைப் பார்த்தார், பெட்டி மண்ணைப் பார்த்தார், இரண்டையும் விரலில் தேய்த்தார். "கதவை இறக்கித் தூக்கிக் காட்டு," என்றார்.

 அந்தப் பதினோரு அரிசியும் இன்னும் சைபுதீனின் இடது கை முஷ்டிக்குள்தான் இருந்தன. போட இடமில்லை, பையில் கை விட்டால் போலீஸ்காரன் பார்ப்பான். ராமகிருஷ்ணன் மறுபக்கம் பிடிக்க, அவன் வலது கையாலும் தோளாலும் கதவைத் தாங்கி இறக்கி, மறுபடி தூக்கினான். உருளை கிறீச்சிட்டது.

கோழி ஓடி வந்தது.

நேராக இன்ஸ்பெக்டரின் பூட்ஸைத் தாண்டிப் போய், மூலையில் நின்று கொத்த ஆரம்பித்தது. அவர் புருவத்தைத் தூக்கினார். "இந்தக் கோழிக்குக் கொட்டகையில் என்ன வேலை?"

மயிலம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு போலீஸ்காரன் குனிந்து பலகையைப் பார்க்கப் போனான்.

"கரையான், துவான்," என்றான் சைபுதீன் சட்டென்று. "மரம் அரிச்சுப் போச்சு. கதவு ஆடினா உதிருது, இது தின்ன வருது. மத்தியானம் என் மீனைத்தான் பிடுங்கிட்டீங்க, இது சாப்பாட்டையாவது விட்டுவைங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். குனிந்தவன் நிமிர்ந்தான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் மயிலம்மாளிடம் திரும்பினார். "திங்கட்கிழமை காலையில் எடுத்தாயா?"

"எடுத்தேன்."

"மண்தானே?"

அவள் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. சைபுதீன் மனதுக்குள் அல்லாவைக் கூப்பிட்டான்.

உள்ளேயிருந்து மங்கம்மாவின் குரல் வந்தது. "அம்மா! அவங்க என் மண்ணு வீட்ட ஒடைக்கிறாங்களா? வேண்டாம்னு சொல்லுங்கம்மா!"

ராமகிருஷ்ணன் அதை மலாயில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி மூடினார். "முட்டாள் பெண்," என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு, பிட்டரை அவிழ்த்துவிடச் சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் ராமகிருஷ்ணன் மனைவியின் எதிரில் வந்து நின்றார். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. "மண்ணா?" என்றார். "உன் புத்தி மண்ணாப் போச்சாடி? விளையாட மண்ணு வேணும்னா ஊர்ல வேற மண்ணே இல்லையா? எம்புள்ளை காலை நீயே ஒடிச்சிட்டு, மூணு நாளா அந்தச் சன்னாசிய அடி வாங்க விட்டுக்கிட்டு நின்னியே, நீ பொம்பளையா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள். அவர் உள்ளே போய்க் குழந்தையின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சைபுதீனுக்கு அவர் பின்னாலேயே போய் உண்மையைக் கத்திவிட வேண்டும் போலிருந்தது. திருநாவுக்கரசு அவன் தோளில் கை வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் சன்னாசி வந்தான். மணிக்கட்டில் விலங்குத் தழும்பு, பின்னாலேயே முத்தாயி. "வீட்டுக்கு வாங்க," என்று அவள் இழுத்தாள். "முதல்ல இதச் சரி பண்ணிட்டு வர்றேன்," என்றான் அவன். ஜன்னல் வழியாக மங்கம்மாவைப் பார்த்து, "பாப்பா, இந்த மண்ண எடுத்துக்கிறேன். நாளைக்குச் செம்மண்ணுல இதவிடப் பெரிசா மாடி வீடு கட்டித் தர்றேன்" என்றான். அவள் யோசித்து, "ஏழு ரூம்பு" என்றாள். ஐந்து அறையும் மங்கு மங்காகப் பெட்டிக்குள் திரும்பிப் போயின. போல்ட்டுகளை எடுத்துவிட்டு, கொக்கியைக் கழற்றி, கதவை ஒரு விரலால் இறக்கினான், ஏற்றினான். நடுவில் விட்டான். விட்ட இடத்தில் நின்றது. குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு கொக்கியும் அடித்தான்.

சன்னாசி மூடியைக் கையில் எடுத்து ஆணியை வாயில் கவ்விக்கொண்டபோது, சைபுதீன் பக்கத்தில் போய் முஷ்டியைத் திறந்தான். பதினோரு அரிசியும் வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தன.  கையை மட்டும் மயிலம்மாளிடம் நீட்டினான்.

அவள் பார்த்தாள். மெல்ல அவற்றை விரலால் ஒட்டியெடுத்து, மூன்று தடவையாக மண்மேல் போட்டாள். சன்னாசி வேறெங்கோ பார்த்தபடி மூடியை வைத்து அழுத்தி முதல் ஆணியை அடித்தான்.

அந்தச் சத்தத்தோடு அவளுக்கு அழுகை வெடித்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. மார்பில் அடித்துக்கொண்டு, கொட்டகைத் தரையில் விழுந்து, ஓவென்று அலறினாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "செஞ்சதையும் செஞ்சுட்டு இப்ப அழுகையப் பாரு," என்றாள் ஒருத்தி.

முத்தாயிக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஓடிப் போய் அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். "புள்ளைக்குக் கால் கூடிரும் கிராணியம்மா. சின்ன எலும்பு, சீக்கிரம் கூடிரும். இதுக்குப் போயா இப்படி அழுவாங்க?"

"விடு முத்தாயி," என்றான் சன்னாசி, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு. "அழட்டும்."